குழம்புக்கு கிராம் கேட்ட பேராசிரியர்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி விடுதிச் சமையல் வேலை கேட்டு ரொசாலியா வந்திருந்தாள். புருஷன் படகில் விழுந்து காலொடிந்து கிடந்தான். இந்த வேலையைத்தான் வீடு நம்பியிருந்தது. ஆளைத் தேர்ந்தெடுக்கச் சென்னையிலிருந்து உணவியல் பேராசிரியர் ஞானசிகாமணி வந்தார். கல்லூரி முதல்வர், ஆசிரியர்களோடு பந்தியில் உட்கார்ந்து, அவள் சோதனைக்கு வைத்த சீலா மீன் குழம்பை வழித்து வழித்துச் சாப்பிட்டார். பிறகு கேட்டார்:

"ஏம்மா, இதுக்கு உப்பு எத்தனை கிராம்?"

"கைதான்யா அளவு."

"கிராம் கணக்குத் தெரியாதவங்களுக்கு இங்கே வேலை கிடையாது!"

ரொசாலியா அவர் இலையில் இன்னும் சோறு போட்டாள். மறுபடியும் போட்டாள். பேராசிரியர் இலையைக் கையால் மறித்தார்.

"போதும்மா, போதும்! வயிறு நிறைஞ்சுட்டுது."

"எத்தனை கிராமுல நெறஞ்சுதுய்யா?"

"அதை யாரு நிறுத்துப் பார்ப்பா? நிறைஞ்சா தன்னால தெரியாதா?"

"உப்பும் அப்படித்தான்யா. சரியா விழுந்தா கைக்குத் தெரிஞ்சிரும்."

பந்தியே கொல்லென்று சிரித்தது. "நாளைக்கே வேலைக்கு வந்திரும்மா" என்றார் கல்லூரி முதல்வர். பேராசிரியர் எழுந்து கைகழுவி வந்து, ரொசாலியாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"நீ உட்காரும்மா."

அன்றைக்கு அவளுக்குச் சோறு பரிமாறியது சென்னைப் பேராசிரியர்!