கச்சேரி மைதானத்தில் உபதேசம்

"அம்மா, எனக்கு எப்போ உபதேசம்?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

கேட்கும்போது தரையில் கிடந்தார். எட்டு அங்கமும் மண்ணில் பட விழுந்து கும்பிடுவதில் அந்த மடத்தில் அவரை அடிக்க ஆளில்லை. குருவைக் கண்ட இடத்தில் விழ வேண்டும் என்பது அங்கே வழக்கம். மற்றவர்கள் இடம் பார்த்து விழுவார்கள். இவர் சேற்றிலும் விழுவார், சுடுகிற பாறையிலும் விழுவார்.

அம்மா என்றால் மடத்துக் குரு வடிவம்மை, நாற்பது வயசு. ஆவுடையப்பன் ஓய்வுபெற்ற தாசில்தார், குருவுக்கு அப்பா வயசு. ஞானத்துக்கு வயசு ஏது என்று வந்து சேர்ந்த மனுஷன். வருஷங்கள் போயும் காதில் ஒரு சொல் விழவில்லை.

நேற்று வந்த கோமதிநாயகத்துக்கோ அம்மா காதோடு காதாக உபதேசம் சொல்லிவிட்டார். வயிறு எரியாதா? என்னதான் சொன்னார் என்று ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தார். கோமதி சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

"ஞாயித்துக்கிழமை பாட்டுக் கச்சேரிக்குப் போறோம். நீங்களும் வாங்க," என்றார் அம்மா.

"அங்கே உபதேசம் உண்டா?"

"கூட்டம் உண்டு."

பைபாஸ் ரோட்டு மைதானத்தில் ஊரே திரண்டிருந்தது. நுழைந்ததும் அம்மா சொல்ல ஆரம்பித்தார். வந்த வழியைத் தவிர வெளியே போக வேறு வழி எங்கே என்று காட்டினார். பிரிந்துபோனால் தண்ணீர் லாரி பக்கம் வந்து நிற்கச் சொன்னார். நெருக்கினால் கையை நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் பண்ணிக்கொள்ள வேண்டும். எதிர்த்துத் தள்ளாமல், கூட்டம் அசையும்போது கூடவே அசைந்து சாய்வாக ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். செருப்பே கழன்றாலும் குனியக் கூடாது.

கோமதி கவனமாகக் கேட்டுக்கொண்டான். ஆவுடையப்பன் கைகூப்பி நின்றாரே தவிர ஒன்றும் காதில் ஏறவில்லை. போலீஸ்காரர் மைக்கில் சொல்கிற சமாச்சாரம், இதற்கு ஒரு குருவா என்று நினைத்தார். அவர் காத்திருந்தது மந்திரத்துக்கு.

பாடகர் மேடை ஏறினார். கூட்டம் மொத்தமாக முன்னால் தள்ளியது. அம்மா ஒரு பக்கம், இவர்கள் இருவரும் ஒரு பக்கம்.

ஆவுடையப்பனுக்கு விலா நெரிந்தது, மூச்சு முட்டியது. பயத்தில் ஏதாவது மந்திரம் சொல்லலாம் என்று பார்த்தார். யாரும் கொடுக்கவில்லையே, எங்கிருந்து வரும்?

அந்த நேரம் சனத்துக்குள் புகுந்து புகுந்து அம்மா எதிரே வந்து நின்றார்.

அந்த முகத்தைக் கண்டதும் மனுஷனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பக்கத்தில் கோமதி குத்துக்கல்லாக நிற்பதையும் பார்த்தார். குருவைக் கண்டும் நிற்கிறான், இவனுக்கெல்லாம் உபதேசமாம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

கூட்டம் ஒரு கணம் பின்னால் அசைய, கிடைத்த இடைவெளியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

விழுந்தபிறகுதான் தெரிந்தது, கீழே காற்றே இல்லை. முதுகில் ஒரு கால், கையில் ஒரு கால். பின்னால் வந்த ஒரு பெண் அவர்மேல் தடுக்கிச் சரிந்தாள். அவள் இடுப்பில் இருந்த பிள்ளை வீலென்று கத்தியது.

ஐயோ, கும்பிடப் போய் ஒரு பச்சைப் பிள்ளையைக் கொன்றுவிடுவேன் போலிருக்கிறதே என்று பதறினார்.

கோமதி காலை அகட்டி நின்று அந்தப் பெண்ணைப் பிள்ளையோடு தாங்கிப் பிடித்தான். அம்மா குனியவில்லை, முழங்காலை மட்டும் மடக்கி இறங்கினார். ஆவுடையப்பனின் சட்டைக் காலரை எட்டிப் பிடித்துக் கத்தினார்.

"எந்திரிய்யா!"

அம்மா ஒருவரை மரியாதை குறைத்துப் பேசி மடத்தில் யாரும் கேட்டதில்லை. ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். எப்படி எழுந்தார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது.

சாய்வாக நகர்ந்து நகர்ந்து எல்லாரும் தண்ணீர் லாரிக்கு வந்து சேர்ந்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆவுடையப்பனுக்கு மூக்கு சிராய்த்து, மீசையெல்லாம் மண். பிள்ளையின் தாயிடம் மன்னிப்புக் கேட்டார். கும்பிட வேறு இடமே கிடைக்கவில்லையா பெரியவரே என்று அவள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். நியாயமான கேள்விதான்.

அவள் போனதும் ஆவுடையப்பன் அழுதுவிட்டார்.

"நான் லாயக்கில்லம்மா. இனிமே உபதேசம்னு வாயே திறக்க மாட்டேன்."

"எதுக்குத் திறக்கணும்? அதான் சொல்லியாச்சே."

"எப்போ?"

"கீழே கிடந்தீங்களே, அப்போ."

ஆவுடையப்பன் மீசையில் இருந்த மண்ணைத் துடைத்தார். பிறகு கோமதியைக் காட்டிக் கேட்டார்.

"அப்போ இவனுக்குக் காதுல சொன்னது?"

"அதேதான். அவருக்கு மெதுவாச் சொன்னதே கேட்டுது."