திரும்பி வந்த நாலு பொட்டலம்

உப்பளத் தெரு ரெமிஜியுஸ் வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அதுவும் அடிக்கடி விடுப்பில் போய்விடும். ரெமிஜியுஸ் தபால்காரர். அவர் தம்பி லூர்துராஜுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. ரெமிஜியுஸின் மனைவி ஜெசிந்தாவுக்கு வெள்ளிக்கிழமை நெட்வொர்க்கிங் செய்முறைத் தேர்வு. போன தடவை பயத்தில் கேபிளின் எந்த முனையைப் பிடிப்பதென்றே தெரியாமல் தோற்றிருந்தாள். இந்தத் தடவை தேறினால் மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை உறுதி. தோற்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

பயிற்சி மாஸ்டர் ஒரு பழைய ரவுட்டரைக் கொடுத்தனுப்பியிருந்தார். "நாலு மஞ்சள் போர்ட்லயும் கேபிளை மாத்தி மாத்திச் செருகிப் பழகும்மா. தனியா நிக்கிற நீல போர்ட்ல கை வைக்காதே. பழசு, சூடாகாமப் பாத்துக்கோ."

லூர்துராஜ் உடனே தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸ் கொண்டுவந்து, அதன்மேல் ரவுட்டரைப் படுக்க வைத்தான்.

"நனைஞ்சிரும் தம்பி!" என்று பதறினாள் ஜெசிந்தா.

"சூடாகக் கூடாதுன்னுதான மதினி சொன்னாரு? நனையக் கூடாதுன்னு சொல்லலியே."

நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. ஆனாலும் ரவுட்டருக்கு அடியில் ஒரு பாலித்தீன் பையை விரித்துக்கொண்டாள். நீல போர்ட்டில் யாரும் கை வைத்துவிடாதபடி லூர்துராஜ் அதன்மேல் தன் கையை வைத்துக் காவல் காத்தான்.

இரண்டு பழைய கணினிகளை முதல் இரண்டு மஞ்சள் போர்ட்டுகளில் மாட்டி, மாஸ்டர் எழுதிக் கொடுத்தபடி பிங் அடித்தாள். ஒரு கணினி மற்றதற்கு நாலு சின்னப் பொட்டலம் அனுப்பும். திரையில் கணக்கு வந்தது: அனுப்பியது நாலு, திரும்பி வந்தது நாலு.

போனது திரும்பி வந்தால் இணைப்பு சரி என்று அர்த்தம்; கணினி தெரிந்தவர்கள் இதைக் கண்டால் கை தட்டுவார்கள். ரெமிஜியுஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சு ஜெசி. நாலும் திரும்பி வந்துட்டு."

"அப்படின்னா என்னங்க?"

"பதினோரு வருஷமா தபால் குடுக்கேன், எனக்குத் தெரியாதா? போய்ச் சேர்ந்த கடுதாசி எங்கயாவது திரும்பி வருமா?"

"வீடு பூட்டியிருக்குமோ, அண்ணே?" என்றான் லூர்துராஜ், கையை எடுக்காமலே.

மூன்றாவது போர்ட், நாலாவது போர்ட். எதில் செருகினாலும் நாலு போய் நாலும் வந்தது. ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தத் தடவையும் அவ்வளவுதாங்க."

அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்த லூர்துராஜின் கால் கேபிளில் மாட்டியது. கேபிள் பிடுங்கிக்கொண்டு வந்தது. கடைசி நம்பிக்கையாக அவள் இன்னொரு தரம் பிங் அடித்தாள். அனுப்பியது நாலு. வந்தது பூஜ்யம். தொலைந்தது நாலு.

"சேர்ந்துட்டு!" என்று குதித்தார் ரெமிஜியுஸ்.

"தொலைஞ்சதுன்னு போட்டிருக்கேங்க?"

"குடுத்த பிறகு அது நம்ம பையில இருக்குமா? நம்மளைப் பொறுத்தவரை தொலைஞ்சதுதான்."

மூன்று பேரும் ஐஸை உடைத்துப் போட்டு சர்பத் குடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை தேர்வாளர் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். "வைரஸ் புகுந்த கணினி இது. இதுக்கும் மத்ததுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமப் பண்ணி, பிங் அடிச்சுக் காட்டும்மா."

பயத்தில் பாதிதான் அவள் காதில் ஏறியது. தெரிந்த ஒரே வித்தையைச் செய்தாள்: கேபிளைப் பிடுங்கினாள், பிங் அடித்தாள். வந்தது பூஜ்யம்.

"சபாஷ்!" என்று முழு மதிப்பெண் போட்டார் அவர்.

திங்கட்கிழமை ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தாள். பதினொரு மணிக்கு மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"என்னம்மா இது, காலையில இருந்து ஒரு மெயிலுக்குக்கூட பதில் வரலியே?"

ஜெசிந்தா முதன்முறையாகப் பயமில்லாமல் நிமிர்ந்தாள். மடியில் நாற்பத்திரண்டு கேபிள்கள், பூச்சரம் மாதிரி அழகாகச் சுருண்டிருந்தன.

"வராது சார். இன்னைக்குத்தான் எல்லாம் ஒழுங்காப் போய்ச் சேருது."