ஓட்டை இல்லாத கீரை

மலையடிவாரக் குளம் ஒன்றில் ஒரு வாத்துக் கூட்டம் இருந்தது. அங்கே தண்ணீருக்குக் குறைவில்லை, மீனுக்கும் குறைவில்லை. மேய்வதற்குப் பச்சைதான் கிடைக்கவில்லை. சுற்றிலும் மனிதர்களின் வயல்கள். நெல்லுக்கு மருந்து, கத்தரிக்கு மருந்து, வரப்பில் தானாக முளைக்கும் புல்லுக்கும் மருந்து! போன கோடையில் அந்த வரப்பில் மேய்ந்துவிட்டு வந்த இரண்டு வாத்துகள் குளக்கரை ஏறுவதற்குள் செத்து விழுந்தன.

அவற்றில் ஒன்று சிலுப்பியின் தங்கை. சிலுப்பிக்குக் கோபம் வந்தால் இறகெல்லாம் சிலிர்த்து நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர். அன்று அவள் குளமே அதிரக் கத்தினாள்.

"இனிமே என் பிள்ளைங்க அந்த வரப்புல கால் வைக்காது! நமக்கு வேண்டிய கீரையை நாமே போடுவோம்!"

கத்தியதோடு அவள் நிற்கவில்லை. காட்டுப்பன்றியைக் கெஞ்சிக் கூட்டிவந்து கரை மண்ணைக் கிளறச் சொன்னாள். வாத்துகள் குளத்துச் சேற்றை அலகால் அள்ளி வந்து கொட்டின. பசலை, பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை எல்லாம் தளதளவென்று வந்தன. அந்தப் பாத்திக்கு ஒரே ஒரு சட்டம். காலையில் உள்ளே போகும் வாத்து முதலில் புழுவையும் நத்தையையும் பொறுக்கித் தின்ன வேண்டும். அதன் பிறகே இலையில் வாய் வைக்கலாம். வாத்தின் அலகுதான் அங்கே மருந்து. வாத்தின் எச்சம்தான் உரம்.

இலைகளில் அங்கங்கே ஓட்டை இருந்தது உண்மைதான். அலகுக்குத் தப்பிய புழு சும்மா இருக்குமா? இருந்துவிட்டுப் போகட்டும்! குஞ்சுகள் கொழுகொழுவென்று வளர்ந்தன.

ஒருநாள் தாவி என்ற குரங்கு, வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு அங்கே வந்தாள். கரையிலிருந்த நாவல் மரத்தின் மேல் அவளுக்கு நெடுநாளாக ஒரு கண். ஆனால் குரங்குகள் முட்டை திருடும் என்பதால் வாத்துகள் அவற்றை அந்த மரத்தில் ஒட்டவிடுவதில்லை. எனவே தாவி நேராகத் தலைவனிடம் போனாள்.

தலைவன் பெயர் மினுக்கன். பச்சை மின்னும் தலைகொண்ட ஆண்வாத்து. தன் அழகைப் பற்றி யார் என்ன சொல்வார்கள் என்பதே அவனுக்குப் பெரிய கவலை. தாவிக்கு அது நன்றாகத் தெரியும்.

"என்ன அண்ணே இது! கீரைப் பாத்தியா, சல்லடைக் கடையா? இவ்வளவு லட்சணமான தலைவரு ஓட்டை இலையைத் தின்னலாமா? பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்க?"

மினுக்கனுக்குச் சுருக்கென்றது. "என்ன செய்யறது? புழு வருதே!"

"வராம பண்ண என்கிட்ட ஒரு மாவு இருக்கு. மனுசங்க கொட்டகையிலேர்ந்து எடுத்துட்டு வந்தேன். தூவினா போதும்! புழுவும் இல்லை, நத்தையும் இல்லை, காலங்காத்தால குனிஞ்சு பொறுக்கற வேலையும் இல்லை! எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். இந்த நாவல் மரத்துல நானும் என் குட்டியும் ஒரு ஓரமா இருந்துக்கறோம்."

அன்று மாலை மினுக்கன் கூட்டம் கூட்டினான். விஷயத்தைக் கேட்டதும் சிலுப்பியின் இறகுகள் எழுந்து நின்றன.

"எதுக்குப் பயந்து வயலை விட்டு வந்தோமோ, அதையே வீட்டுக்குள்ள கூப்பிடறதா? என் தங்கச்சி எதைத் தின்னு செத்தான்னு மறந்துபோச்சா?"

"அது மனுசன் வயல். இது நம்ம பாத்தி. நாம அளவாத்தானே தூவப்போறோம்?" என்றான் மினுக்கன்.

"அளவு தெரிஞ்சவங்க யாரு இங்க? நீங்களா?"

"ஏம்மா சிலுப்பி, உனக்கு எதுக்கெடுத்தாலும் கோபம்! கொஞ்சம் வாயை அடக்கு!"

மற்ற வாத்துகளும் மினுக்கன் பக்கமே தலையாட்டின. விடிந்ததும் புழு பொறுக்காமல் நீந்தப் போகலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? அநியாயத்தைப் பாருங்கள்! சோம்பலுக்கு அத்தனை தலைகள் ஆடின. உண்மையைச் சொன்னவளுக்கு வாயாடி என்ற பட்டம் கிடைத்தது.

மாவைத் தூவிவிட்டார்கள். தாவி நாவல் மரத்தில் குடியேறினாள்.

சிலுப்பி தன் குஞ்சுகளை வரிசையாக நிறுத்தி எச்சரித்தாள். "அந்த இலையைத் தொட்டீங்க, தொலைச்சுடுவேன்!" குஞ்சுகள் பயந்து தலையாட்டின.

மறுநாள் காலை எல்லா வாத்துகளும் உல்லாசமாக நீந்தப் போயின. பாத்தி முழுக்கப் புழுவும் நத்தையும் செத்துக் கிடந்தன. சிலுப்பியின் கடைசிக் குஞ்சு மட்டும், தாய் பழக்கிய பழக்கத்தை விடாமல், பாத்திக்குப் போனது.

சற்று நேரத்தில் அது தள்ளாடிக்கொண்டு வந்தது. கழுத்து தொங்கியது.

"என்னடா ஆச்சு? இலையைத் தின்னியா?" என்று சிலுப்பி அலறினாள்.

"இல்லம்மா, இலையைத் தொடவே இல்ல. நீ சொல்லிக் குடுத்த மாதிரி நத்தையைத்தான் பொறுக்கினேன்."

இலையைத் தொடாதே என்றாளே, நத்தையைத் தொடாதே என்று சொல்ல அவளுக்கும் தோன்றவில்லையே! குஞ்சைத் தண்ணீருக்கு இழுத்துப் போய், வாயில் தண்ணீரைப் புகட்டிக் கக்க வைத்தாள். பக்கத்துக் கூட்டு வாத்திடம் அதை ஒப்படைத்துவிட்டு நாவல் மரத்தடிக்கு ஓடினாள். அவள் போட்ட சத்தத்தில் கூட்டம் முழுவதும் கரையேறி வந்தது.

"இறங்குடி கீழே! என் பிள்ளை சாகக் கிடக்கு!"

தாவி நிதானமாக இறங்கினாள். "கோபப்படாதீங்க அக்கா. குஞ்சு வேற எதையாவது தின்னிருக்கும். என் மாவு தேன் மாதிரி! பச்சைக் குழந்தைகூடத் தின்னலாம்!"

"அதானே? நானும்தான் சொன்னேன்!" என்று மினுக்கனும் ஒத்து ஊதினான்.

சிலுப்பி பாத்திக்கு ஓடினாள். அங்கே இருந்ததிலேயே கொழுத்த பசலை இலை ஒன்றைப் பறித்து வந்து, தாவியின் முன்னால் போட்டாள்.

குட்டிக் குரங்குக்கு என்ன தெரியும்? பளபளக்கும் இலையைக் கண்டதும் தாயின் வயிற்றிலிருந்து குதித்து, அதை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனது.

பளார்! தாவி அந்தக் கையை ஓங்கித் தட்டினாள். இலை தெறித்து விழுந்தது.

"தொடாதே! செத்துப்போவே!"



"உன் பிள்ளை தின்னா சாவு! என் பிள்ளை தின்னா தேனா?" சிலுப்பி இறகு சிலிர்க்க அவளை நெருங்கினாள். "உன் பிள்ளைக்கு மட்டும்தான் உயிராடி?"

தாவி குட்டியை வாரிக்கொண்டு ஓடினாள். வாத்துகள் எல்லைவரை கொத்தி விரட்டின. மினுக்கன் மெல்ல நழுவப் பார்த்தான். சிலுப்பி விடவில்லை.

"அவளாவது வெளியில இருந்து வந்தவ. நீங்க எங்க தலைவரு! உங்களுக்கு வெட்கமா இல்ல?"

வாத்துகள் காட்டுப்பன்றியை மறுபடியும் கூட்டிவந்து, பாத்தி மண்ணையும் கீரையையும் குளத்துக்கு எட்டாத மேட்டில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தன. சிலுப்பியின் குஞ்சு எப்படியோ பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன் கழுத்து கடைசிவரை நிமிரவே இல்லை. ஒருபக்கம் சாய்ந்தபடிதான் அது யாரையும் பார்க்கும். அது தன்னைப் பார்க்கும்போதெல்லாம் மினுக்கன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

தன் பிள்ளைக்குக் கொடுக்கத் துணியாததை அடுத்தவர் பிள்ளைக்கு நல்லது என்று நீட்டுகிறவர்களை நம்பவும் கூடாது, வேலை மிச்சம் என்று அதை வாங்கிக்கொள்கிற தலைவர்களைத் தட்டிக் கேட்காமல் விடவும் கூடாது.