திருநாளன்று சுக்கான் யாருக்கு?

கைப்பேசி வராத காலம் அது. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் ரெஜினாள் என்றொரு பெண்மணி இருந்தாள். காலமான கணவர் விட்டுப்போன 'சமுத்திர ஜோதி' என்ற விசைப்படகுதான் அவளுடைய சொத்தெல்லாம். அந்தி சாயும்போது படகுகள் கரை திரும்பும் அல்லவா, அப்போது அடுப்படியில் நின்றபடியே அத்தனை எஞ்சின் சத்தத்துக்குள்ளும் தன் படகை அடையாளம் கண்டுகொள்வாள். தொண்டை கட்டிய பாட்டுக்காரன் மாதிரி ஒரு கரகரப்பு அதற்கு. அந்த ஊர்ப் பெண்கள் எல்லோருக்குமே அன்று அப்படி ஒரு காது வாய்த்திருந்தது.

ஒருநாள் அந்தக் கரகரப்பு வரவில்லை. வேறொரு படகு கயிறு கட்டி 'சமுத்திர ஜோதி'யை இழுத்து வந்தது.

நடந்தது இதுதான். வலை நிறைய மீன் விழுந்திருந்த நேரம். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியதைப் படகோட்டி கஸ்பார் பார்த்தார். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் படகின் விலாவிலிருந்து மணிக்கட்டு கனத்துக்குக் கொட்ட வேண்டிய கடல்தண்ணீர் சுண்டுவிரல் கனத்துக்கு ஒழுகியது. "கரை தெரியுது, மெதுவா ஓட்டுங்கண்ணே, போய்ச் சேந்துருவோம்" என்று கூட இருந்தவர்கள் கத்தினார்கள். என்ன கோளாறு என்று கஸ்பாருக்கும் தெரியாது. ஆனாலும் எஞ்சினை நிறுத்திவிட்டார். எஞ்சின் நின்றால் வலையேற்றும் வின்ச்சும் நின்றுபோகும். பாரம் தாங்காமல் படகின் பின்பக்கம் அமிழத் தொடங்கியபோது, வலைக்கயிற்றை அரிவாளால் வெட்டிவிட்டார். மீனோடு வலையும் போயிற்று.

"கரை கண்ணுக்குத் தெரியுற தூரத்துல வலைய அறுத்துட்டு வந்திருக்கீரே! அவரு இருந்தா இப்படி நடக்குமா?" என்று கரையில் எல்லோர் முன்னாலும் ரெஜினாள் கேட்டாள். கஸ்பார் வீட்டுக்குப் போய்விட்டார்.

அவளுடைய தவிப்புக்கு வலை மட்டும் காரணமில்லை. மாதா திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாதா சுரூபத்தைக் கடலில் பவனி கொண்டுபோகும் பேறு அந்த வருடம் 'சமுத்திர ஜோதி'க்கு வாய்த்திருந்தது. முன்னொரு முறை வாய்த்தபோது அவள் கணவர்தான் சுக்கான் பிடித்தார். வெள்ளைச் சட்டையும், பின்னால் வண்ணத் தோரணங்களோடு வரிசைகட்டி வந்த படகுகளும், கரையெல்லாம் பாடிய பாட்டும் அவள் மனதில் அப்படியே இருந்தன. படகடியில் கூடி நின்றவர்களைப் பார்த்து அவள் சொன்னாள்: "யாரால இந்த எஞ்சின் பொழைக்குதோ, திருநாளன்னிக்கு அவருதான் சுக்கான் பிடிக்கணும். மாதா மேல ஆணை."

டவுனிலிருந்து வந்த மெக்கானிக் எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் சுத்தமாக இருந்தது. "சிலிண்டர் மூடிக்கு அடியில இருக்குற கேஸ்கட் தகடு போயிருந்தா எண்ணெயில தண்ணி கலந்து மோர் மாதிரி ஆகியிருக்கும். இது தண்ணி பம்ப்புக் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்துப் படகின் டிரைவர் பங்கிராஸ் அதை ஒப்பவில்லை. மறுநாள் காலை, எஞ்சின் நன்றாக ஆறிக் கிடந்தபோது, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஒரே ஒரு முறை கிளப்பச் சொன்னார். கிளப்பிய உடனே தொட்டியில் குமிழ்கள் பொங்கின. விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது. எஞ்சினை அணைக்கச் சொன்னார்.

"கொதிச்சாக் குமிழ் வரும், சரி. பச்சத் தண்ணியில எப்படி வரும்? சிலிண்டர்ல எரியுற காத்து தண்ணிக்குள்ள பூந்து வருது, அக்கா. கேஸ்கட்டுதான் போயிருக்கு. தண்ணிப் பக்கமா மட்டும் கிழிஞ்சிருக்கு, அதான் எண்ணெய் சுத்தமா இருக்கு" என்றார்.

எஞ்சின் தலையை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியை, கழற்றும் வேலை உள்ளூர்ப் பட்டறைக்காரர் மெல்கியோரிடம் வந்தது. பங்கிராஸ் சொன்ன இடத்திலேயே கேஸ்கட் கருகிக் கிழிந்திருந்தது. புதியதை வைத்து மூடிவிட எல்லோரும் அவசரப்பட்டார்கள். மெல்கியோர் மட்டும், "கிழிஞ்சது தெரிஞ்சு போச்சு. ஏன் கிழிஞ்சுது?" என்று கேட்டார். விலாவில் தண்ணீர் மெலிந்து வந்ததைப் படகுக்காரர்களிடம் விசாரித்து அறிந்துகொண்டு, கடல்தண்ணீர் உறிஞ்சும் குழாயைக் குடைந்தார். உள்ளே சிப்பியும் நைலான் நூலும் பந்துபோல அடைத்திருந்தன. "இத எடுக்காம மூடியிருந்தா, புதுக் கேஸ்கட்டும் அடுத்த தடவ கடலுக்குப் போகையிலயே போயிருக்கும்" என்றார். பிறகு கழற்றிவைத்த தலையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விரிசலும் இல்ல, கோணலும் இல்ல. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா இதப் பழைய இரும்புக்குத்தான் போட்டிருக்கணும். எஞ்சின யாரு நிறுத்துனது?"

கூட்டம் கஸ்பாரின் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

மாலையில் எஞ்சின் அதே கரகரப்போடு உயிர்பெற்றது. ரெஜினாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால், ஆணையிட்ட வாக்கு இப்போது மூன்று பேருக்கு நடுவில் நின்றது. நோயைக் கண்டவர் பங்கிராஸ். நோயின் வேரைக் கண்டவர் மெல்கியோர். ஒன்றும் அறியாமல், வலையைப் பறிகொடுத்து எஞ்சினை நிறுத்தியவர் கஸ்பார்.

கேட்டவர்களே, நீங்கள் ரெஜினாளாக இருந்தால் சுக்கானை யார் கையில் கொடுப்பீர்கள்?

*

விடை: ரெஜினாள் கஸ்பாரின் வீட்டுக்கு நடந்தே போனாள். "குறையக் கண்டுபிடிச்சவருக்குன்னு நான் சொல்லல. யாரால பொழைக்குதோ அவருக்குன்னுதான் சொன்னேன். வாரும்" என்றாள். பங்கிராசும் மெல்கியோரும் கரையில், நிழலில், நிதானமாக யோசித்தார்கள். அவர்கள் தவறியிருந்தால் இன்னொருவர் வந்து கண்டுபிடித்திருப்பார். கடலில் கஸ்பார் தவறியிருந்தால் எஞ்சின் தலை வெடித்திருக்கும். பிறகு யாருடைய அறிவாலும் அதை மீட்டிருக்க முடியாது. பங்கிராசுக்கு மனத்தாங்கல்தான், கிறிஸ்துமஸ் வரை ரெஜினாளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் திருநாளன்று பவனி புறப்படும் முன், தொட்டி மூடியைத் திறந்து தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "போலாம்டே கஸ்பாரு" என்று கயிற்றை அவிழ்த்துவிட்டவர் அவர்தான்.