இழுப்பறையில் ஒரு பாஸ்போர்ட்

அமெரிக்காவில், பனி கொட்டித் தீர்க்கும் ஒரு பல்கலைக்கழக ஊரில், ஒரு மேசை இழுப்பறைக்குள் பாஸ்போர்ட் ஒன்று வாழ்ந்துவந்தது. வாழ்ந்தது என்பதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். கிடந்தது.

அதன் சொந்தக்காரி எப்சிபா, சாயர்புரத்துப் பெண். ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்து இது ஆறாவது வருடம். வந்து இறங்கிய அன்று இழுப்பறைக்குள் போன பாஸ்போர்ட் அதற்குப் பிறகு வேறு ஊர் பார்க்கவில்லை. ஊர் ஊராகப் போகப் பிறந்த தனக்கு இப்படி ஒரு தலையெழுத்தா என்று அடிக்கடி நொந்துகொள்ளும்.

கூடவே ஐ-20 என்றொரு தாளும் இருந்தது. 'இவள் எங்கள் மாணவி, இங்கே தங்கலாம்' என்று பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்தது. அவ்வப்போது வெளியே போய்ப் புதுக் கையெழுத்து வாங்கி வருவதால் அதற்குத் தாலுகா ஆபீஸ் கிளார்க்கின் மிடுக்கு. பாஸ்போர்ட்டின் ஏழாம் பக்கத்தில் ஒட்டியிருந்த விசாவோ காலாவதியாகிப் பத்து மாதம் ஆகிறது. உயிர் போயிருந்ததே தவிர வாய் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் இருந்த போனில் எப்சிபாவின் அம்மா பேசினார்.

"பியூலாவுக்கு மொத கல்யாண ஓலை இன்னைக்குக் கோயில்ல வாசிச்சாச்சுட்டி. இன்னும் ரெண்டு ஞாயிறு வாசிப்பாவ. அதுக்கடுத்த சனிக்கிழமை கல்யாணம். அக்கா நீ இல்லாம எப்படிட்டி நடத்த?"

"விசா முடிஞ்சுபோச்சும்மா. இங்க இருக்கலாம். வெளிய வந்துட்டா, புது விசா வாங்கித்தான் உள்ள வரணும். இன்டர்வியூவுக்கு நாலு மாசம் கழிச்சுத்தான் தேதி கிடைக்குது. அப்பவும் குடுப்பாங்களான்னு தெரியாது. ஆறு வருஷப் படிப்பு பாதியில நின்னுரும்மா."

"இருக்கலாமாம், வந்துட்டுப் போகக் கூடாதாமா? இது எந்த ஊரு நியாயம்?"

"பாக்கேம்மா."

போனை வைத்ததும் இழுப்பறைக்குள் பேச்சு தொடங்கியது.

"மூன்று வாரம் இருக்கிறது. நான் தயார்," என்றது பாஸ்போர்ட்.

"எங்கே கிளம்புகிறாய்? என்னால்தான் அவள் இங்கே இருக்கிறாள். அதுவே பெரிய உபகாரம்," என்றது ஐ-20.

"இருக்க விடுகிறாய். போக விடுவாயா?"

"நான் எங்கே தடுத்தேன்? தாராளமாகப் போகட்டும். திரும்பி வரும்போது கதவைத் திறப்பது என் வேலை இல்லை."

"அது என் வேலை," என்றது விசா. "நான்தான் செத்துப்போனேனே."

பாஸ்போர்ட்டுக்குக் கோபம் வந்தது. "அப்படியானால் அவள் இருப்பது வீடா, சிறையா?"

ஐ-20 தன்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துக்கொண்டது. "அதை எழுத என்னிடம் கட்டம் இல்லை," என்றது.

இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, புதன்கிழமை காலையில் இழுப்பறை திறந்தது. எப்சிபா பாஸ்போர்ட்டை எடுத்துக் கைப்பையில் வைத்தாள்.

பாஸ்போர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தாயா, தங்கச்சி என்றதும் துணிந்துவிட்டாள்!" என்றது.

"என்னையும் தூக்கிக்கொண்டுதான் போகிறாய், ஞாபகம் இருக்கட்டும்," என்றது ஏழாம் பக்கத்து விசா.

ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணம். எப்சிபா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் பைதான் இருந்தது. வழி நெடுக அவளிடம் யாரும் பேசவில்லை, அவளும் யாரிடமும் பேசவில்லை. தன் தலையெழுத்தையே நொந்துகொண்டிருந்த பாஸ்போர்ட்டுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள்மேல் பரிதாபம் வந்தது. இழுப்பறையில் தனக்காவது வம்பளக்க இரண்டு பேர் உண்டு.

பேருந்து நின்ற இடம் விமான நிலையம் இல்லை. அவள் நடந்துபோய் நின்றது, இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்கும் ஜன்னல் முன்னால்.

உள்ளே இருந்தவர் பிறந்த ஊரைப் படித்தார். முகம் மலர்ந்தது.

"சாயர்புரமா? நமக்கு ஆறுமுகநேரி! அடுத்த மாசம் இது முடியுது, என்ன? அவசரமா வேணுமா? ஊருக்குப் போறியளா?"

"இல்லண்ணே. சனிக்கிழமை தங்கச்சிக்குக் கல்யாணம். நான் போகல."

நேருக்கு நேர் ஒருவரிடம் தமிழ் பேசி அவளுக்குப் பல மாதம் ஆகியிருந்தது. பேசக் கிடைத்த முதல் வார்த்தை இதுவாகப் போய்விட்டது. பாஸ்போர்ட்டுக்கும் அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

அவர் நல்ல மனுஷன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். பக்கங்களைப் புரட்டினார். சென்னையில் புறப்பட்ட முத்திரை ஒன்று, இங்கே வந்து இறங்கிய முத்திரை ஒன்று, செத்துப்போன ஒரு விசா. மிச்சமெல்லாம் வெறும் பக்கங்கள்.

"பத்து வருஷமாச்சு, ஒரு மடிப்பு இல்ல, ஒரு அழுக்கு இல்ல," என்றார் அவர், மனசாரத்தான். "எவ்வளவு பத்திரமா வச்சிருக்கிய!"

எப்சிபா அங்கேயே, வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால், வாய்விட்டு அழுதாள். தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் அவர் திகைத்துப்போனார். பிறகு, பழைய பாஸ்போர்ட் என்றால் செய்ய வேண்டிய முறைப்படி, கத்தரிக்கோலை எடுத்து அதன் மூலையை நறுக்கினார்.

பாஸ்போர்ட்டுக்கு வலித்தது. ஆனால் அந்தப் பாராட்டு அளவுக்கு வலிக்கவில்லை.