பின் சீட்டில் ஐந்து நிமிடம்

மில் முதலாளி கோமதிநாயகம் தன் பழைய எஸ்யூவிக்கு ஐந்து லட்சம் கேட்டார். இன்ஜினும் கியர்பாக்ஸும் போயிருந்தன. அதன் பின் சீட்டில்தான் அவர் அப்பா இறந்தார். இன்னும் அங்கேயே இருக்கிறார் என்று ஊரில் பேச்சு.

வாடகைக் கார் ஓட்டும் பூரணி நகையை விற்று நாலு லட்சம்தான் வைத்திருந்தாள். "ரிப்பேருக்கே மூணு ஆகும் மொதலாளி. பின் சீட்ல பெரியவர் வேற இருக்கார்ங்கிறாங்க. ஒண்ணு தர்றேன்."

"பேய்க்கதையைச் சொல்லி விலையைக் குறைக்கிறியா? அதெல்லாம் பொய்."

"அப்போ பின் சீட்ல அஞ்சு நிமிஷம் தனியா உக்காருங்க. கடன் வாங்கியாவது கேட்டதையே தர்றேன்."

கோமதிநாயகம் கதவைத் திறந்தார். யாரோ நகர்ந்து இடம் விடுவதுபோல் சீட் மெல்ல முனகியது. கதவைச் சாத்திவிட்டு, "ஒரு லட்சமே கொடு" என்றார்.

கயிறு கட்டி வண்டியை இழுத்துப் போகும்போது பூரணி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். பின்னால் பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது.

"மெதுவாத்தான் போவேன் ஐயா" என்றாள், கண்ணாடியைப் பார்க்காமல்.