முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு

“தோற்றுப் போனேன், அம்மா.”

தளபதி சேந்தன் ஆசிரமத்து வாசலில் நின்றபடியே சொன்னார்.

பன்னிரண்டு வருஷம் காட்டிலிருந்து அரசை எதிர்த்துப் போரிட்டவர். சமாதானம் வந்ததும் ஆயுதத்தைப் புதைத்துவிட்டுத் தேர்தலில் நின்றார். அன்று காலைதான் முடிவு வந்திருந்தது.

துறவி பூரணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சேந்தனைவிட இளையவர். ஆயுதத்தைப் புதைக்கச் சொன்னவரும் அவர்தான்.

“எத்தனை ஓட்டில்?”

“முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆனைத்துறை என்கிற ஒரே ஊர் என்னைக் கவிழ்த்துவிட்டது.”

பூரணி இன்னொரு கீரைத் தண்டைக் கிள்ளினார்.

“வீரையாவும் என் பழைய படையாட்களும் காட்டோரம் காத்திருக்கிறார்கள். துப்பாக்கிகளைத் தோண்டி எடுத்தாயிற்று. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.”

“சண்டையில் தோற்றால் முதலில் என்ன செய்வீர்கள்?”

“விழுந்தவர்களை எண்ணுவோம்.”

“போய் எண்ணிவிட்டு வாருங்கள்.”

சேந்தன் தனியாகப் பரிசல் ஏறி ஆற்றைக் கடந்து ஆனைத்துறைக்குப் போனார்.

சந்தை நடந்துகொண்டிருந்தது. போர்க்காலத்தில் அவர் வந்தால் நாய்கூடக் குரைக்காது. இன்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கருவாடு விற்ற கொளஞ்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எனக்கு ஓட்டுப் போட்டியா?” என்று கேட்டார் சேந்தன்.

“போடல.”

பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏன்?”

“பாலத்துக்குக் குண்டு வெச்சது யாரு? நீங்கதானே? கூடையோட பரிசலுக்கு நின்னு நின்னு என் காலு வீங்குது. மேடையில ஒரு மணி நேரம் பேசினீங்க. பாலத்தைப் பத்தி ஒரு வார்த்தை வந்துச்சா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சேந்தனின் கை இடுப்புக்குப் போனது. அங்கே வேட்டி மடிப்புத்தான் இருந்தது.

“இதை ஏன் குண்டு வெச்சப்பவே சொல்லல?”

“அப்ப சொல்லியிருந்தா நான் உயிரோட இருந்திருப்பேனா?”

சேந்தன் தலை குனிந்தார்.

பிறகு எங்கிருந்தோ அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். சந்தையே சேர்ந்து சிரித்தது. கொளஞ்சி ஒரு பிடி நெத்திலிக் கருவாட்டை இலையில் மடித்து, “தோத்தவருக்கு என் கணக்குல” என்று நீட்டினாள்.

ஆசிரமத்துக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்.

“எத்தனை பேர்?” என்றார் பூரணி.

“ஒருவர்கூட விழவில்லை, அம்மா! எல்லாரும் இருக்கிறார்கள். என்னைத் திட்டுகிறார்கள்!”

பூரணி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“நல்லது. அந்தப் பொட்டலத்தை வெளியே வையுங்கள்.”

சேந்தன் காட்டோரம் போனார். வீரையா ஓடி வந்தான்.

“உத்தரவு, தளபதி?”

“எல்லாரும் ஆனைத்துறைக்குக் கிளம்புங்க. கோடாலி, கயிறு, கடப்பாரை எடுத்துக்குங்க. பாலம் போடணும்.”

வீரையா விழித்தான்.

“துப்பாக்கி?”

“மரம் தூக்க ரெண்டு கையும் வேணும், வீரையா.”